விடுமுறைக்கு வந்த கம்ப்யூட்டர்

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் கூடினால் இப்போது இரண்டே பேச்சுதான். ஒன்று முழங்கால், மற்றது பிள்ளைகள் வாங்கிக் கொடுத்த போன். எழுத்து சின்னதாக இருக்கிறது, தொட்டால் எங்கேயோ போய்விடுகிறது, கேட்காததையெல்லாம் காட்டுகிறது என்று ஆளுக்கொரு புகார். போன வாரம் நம்மில் ஒருத்தி, நம் காலத்தில் இந்தச் சனியன் எதுவும் கிடையாது, நிம்மதியாக இருந்தோம் என்றாள். நான் வாயை மூடிக்கொண்டு டீயைக் குடித்தேன். எங்கள் வீட்டில் அப்போதே இருந்தது என்று சொன்னால் இவள் அளக்கிறாள் என்பீர்கள். அதனால்தான் எழுதுகிறேன். எழுதினால் நடுவில் குறுக்கிட முடியாதே.

எண்பதுகளின் நடுப்பகுதி. பதுளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். தொழிற்சாலைக்குப் பக்கத்தில் எங்கள் குவார்ட்டஸ். அங்கே ஓர் ஆகஸ்ட் விடுமுறைக்கு கம்ப்யூட்டர் ஒன்று விருந்தாளி மாதிரி வந்து தங்கியது. எனக்கு அப்போது பத்து வயது. அந்த மூன்று வாரத்தில் நான் சரியாகச் சாப்பிடவும் இல்லை, தூங்கவும் இல்லை. அவ்வளவு சந்தோஷம்.

அப்பா அந்தத் தோட்டத்து டீமேக்கர். கொழுந்து தொழிற்சாலைக்குள் போவதிலிருந்து தூளாகிப் பெட்டியில் அடைபடும் வரைக்கும் அவர் பொறுப்பு. நாக்கையும் மூக்கையும் தவிர வேறு எதையும் நம்பாத மனிதர். தாத்தா, அதாவது அப்பாவின் அப்பா, அதே தோட்டத்தில் கங்காணியாக இருந்து ஓய்ந்தவர். ஜன்னலோரம் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, தொழிற்சாலை வாசலில் யார் போகிறார், யார் வருகிறார் என்று இன்னமும் வேலைக்குப் பேர் பதிகிற மாதிரியே பார்த்துக்கொண்டிருப்பார். அம்மா எப்போதும் அடுப்படி. தாத்தா ஒரு தும்மல் போட்டால் போதும், அம்மா கொத்தமல்லியும் வேர்க்கொம்புச் சுக்கும் கொதிக்கவைத்து டம்ளரோடு வந்து நிற்பாள். அவர் இருமினால் கை வேலையைப் போட்டுவிட்டு ஓடுவாள். மாமனாருக்கு இப்படி உருகுகிற மருமகளை இந்த மலைநாட்டிலேயே பார்த்ததில்லை என்று பக்கத்துக் குவார்ட்டஸ் பெண்கள் கேலி செய்வார்கள். அக்காவும் நானும்கூடச் செய்வோம்.

அக்காவுக்கும் எனக்கும் ஒன்பது வயது வித்தியாசம். அவள் ஏ லெவல் கணக்குப் பிரிவில் எழுதி, பல்கலைக்கழகத்தை மயிரிழையில் தவறவிட்டு, ஒரு வருடமாக வீட்டில் இருந்தாள். வீட்டில் இருக்கிற வயசுப் பெண்ணுக்கு ஒரு தையல் மெஷின் வாங்கிக் கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். வாங்கிக் கொடுத்த அடுத்த வருடம் மாப்பிள்ளை பார்ப்பார்கள். அப்பாவும் அந்த முடிவோடுதான் எங்கள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு பதுளை டவுனுக்கு பஸ் ஏறினார்.

பஜாரில் ரேடியோ, தையல் மெஷின், டீவி எல்லாம் விற்கிற கடை ஒன்று இருந்தது. கடைக்காரர் முஸ்லிம், அண்ணன் என்கிற அர்த்தத்தில் எல்லோரும் அவரை நானா என்றுதான் கூப்பிடுவார்கள். உள்ளே நுழைந்தால் புது ரெக்சின் வாசனையும், பக்கத்துக் கடைக் கருவாட்டு வாசனையும் கலந்து அடிக்கும். தையல் மெஷின்கள் வரிசையாக நின்றன. அப்பா ஒன்றின் சக்கரத்தைச் சுற்றி, காதை வைத்துக் கேட்டு, எண்ணெயை முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா அந்தப் பக்கமே திரும்பவில்லை. அவள் கண் மேசை மேலிருந்த டீவியில் ஒட்டிக்கொண்டிருந்தது. டீவிக்கு முன்னால் பாடப்புத்தகம் அளவுக்கு ஒரு கறுப்புப் பலகை. அதன் மேல் அழிரப்பர் மாதிரி மெத்தென்ற பொத்தான்கள். நானாவின் மச்சான் சவூதியிலிருந்து கொண்டுவந்தாராம்.

நானா என் பெயரைக் கேட்டார். ஒவ்வொரு பொத்தானாகத் தேடித் தேடி அமுக்கினார். திரையில் என் பெயர் வந்தது. ஒரு தடவை இல்லை. மேலிருந்து கீழாக, ஓயாமல், வந்துகொண்டே இருந்தது. நான் கத்திவிட்டேன். கடைக்கு வந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கொழும்பில் பெரிய வங்கிகளில் ஓர் அறை முழுக்க வைத்திருக்கிற சாமானின் தம்பி இது என்றும், விலை ஒரு தையல் மெஷின் விலைதான் என்றும், வீட்டு டீவியிலேயே மாட்டிக்கொள்ளலாம் என்றும் நானா அப்பாவிடம் சொன்னார். அப்பா அதைக் கையில் எடுத்துப் பார்த்தார். எடை இல்லை என்றார். அவருக்கு எடை இல்லாத சாமானில் நம்பிக்கை கிடையாது.

அப்போதுதான் நானா அந்தப் பேச்சை எடுத்தார்.

"எனக்கும் இது என்னான்னு ஒழுங்கா தெரியா டீமேக்கர். இங்க யாருக்கும் தெரியா. ஒங்கட மகள் இதப் படிச்சிக்கிட்டா, கடைக்கு மேல ரூம் சும்மாதான் கெடக்கு, ஒரு கிளாஸ் தொடங்குவம். மகள் வந்து பொம்புளப் புள்ளயளுக்குப் படிச்சுக் குடுக்கட்டும். இப்ப கொண்டு போங்க. லீவு முடியுறதுக்குள்ள பார்த்துட்டுச் சொல்லுங்க. வேணாமெண்டா தையல் மெஷின எடுத்துக்கங்க."

அக்கா அப்பாவின் சட்டைக் கையைப் பிடித்தாள். பத்தொன்பது வயசுப் பெண், சின்னப் பிள்ளை மாதிரி. அப்பா அதைப் பார்த்தார், அரை மனதோடு தலையாட்டினார். வீடு வரும் வரைக்கும் அந்தப் பெட்டியை அக்கா மடியிலேயே வைத்திருந்தாள். பஸ் வளைவுகளில் ஆடும்போதெல்லாம் அவளும் நானும் பெட்டியின் மேல் கவிழ்ந்துகொண்டோம். ஆக, மூன்று வாரத்தில் அது அப்பாவிடம் பாஸாக வேண்டும். பாஸானால் அக்கா பதுளைக்கு டீச்சராகப் போவாள். ஃபெயிலானால் தையல் மெஷினும் அதன் பின்னால் மாப்பிள்ளையும் வந்து சேரும்.

வந்த அன்றைக்கே முதல் விபத்து. புது மெஷின் வீட்டுக்கு வந்தால் சும்மா விடலாமா? அம்மா சாமி படத்துக்கு முன்னால் வைத்துச் சூடம் காட்டி, சந்தனம் குழைத்துப் பொட்டு வைத்தாள். எங்கே வைப்பது என்று யோசித்து, இருப்பதிலேயே பெரிய பொத்தானாகப் பார்த்து வைத்தாள். அதுதான் எதை எழுதினாலும் கடைசியில் அமுக்கவேண்டிய பொத்தான். சந்தனம் காய்ந்து அது அப்படியே அமுங்கிக்கொண்டது. அக்கா தீக்குச்சியைச் சீவி, தாத்தாவின் ஓடிகொலோனில் நனைத்து, ஒரு மணி நேரம் தோண்டினாள். அதற்குப் பிறகு அந்த மெஷின் சூடாகும்போதெல்லாம் எங்கள் வீடு கல்யாண வீடு மாதிரி மணத்தது.

அதற்கு எழுதியதை ஞாபகம் வைத்துக்கொள்ளத் தெரியாது. சுவிட்சை அணைத்தால் எல்லாம் போய்விடும். ஞாபகம் வேண்டுமென்றால் கேசட்டில் பதியவேண்டும். நம் பாட்டுக் கேசட்தான், அதே டேப் ரெக்கார்டர்தான். வீட்டில் புதுக் கேசட் இல்லாததால் அம்மாவின் மாரியம்மன் பாட்டுக் கேசட்டைக் கெஞ்சி வாங்கினோம். அதில் பாதிப் பாட்டு ஓடி, நடுவில் கீச்சென்று ஒரு சத்தம் கிளம்பும். அந்தச் சத்தம்தான் கம்ப்யூட்டரின் பேச்சு. தாத்தா முதல் நாள் அதைக் கேட்டுவிட்டு ஆத்தாளுக்குக் கோபம் வந்துவிட்டது என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

கேசட் சத்தம் கூடினாலும் கம்ப்யூட்டர் கேட்காது, குறைந்தாலும் கேட்காது. இரண்டு நாள் தலைகீழாக நின்று பார்த்து, சரியான இடத்தைக் கண்டுபிடித்தது நான். ஆமாம், நான்தான். அக்கா நகத்துக்குப் பூசுகிற சிவப்பு கியூட்டெக்ஸை எடுத்து வால்யூம் திருகியில் ஒரு புள்ளி வைத்தேன். அதிலிருந்து கேசட் போடுவது என் வேலை. திரையின் ஓரத்தில் கோடுகள் ஓடும், நாங்கள் மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருப்போம், கோடுகள் நின்று எழுத்து வந்தால் இருவரும் கட்டிப்பிடித்துக் குதிப்போம். அந்த ரெக்கார்டர் எந்த வீடு மாறும்போது தொலைந்தது என்று தெரியவில்லை. இப்போது கிடைத்தால் பூட்டி வைத்துக்கொள்வேன்.

இன்னொரு தொல்லையும் இருந்தது. எங்கள் வீட்டுக்கு மின்சாரம் தொழிற்சாலை வழியாகத்தான். கொழுந்தைச் சுருட்டுகிற ரோலர்கள் ஓடத் தொடங்கினால் வீட்டு பல்பு மஞ்சளாகிவிடும். பல்பு மஞ்சளானால் கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் மறந்துவிடும். ஆகஸ்ட் என்றால் ஊவாவில் வறண்ட காற்று அடிக்கிற காலம், வருடத்திலேயே நல்ல தேயிலை அப்போதுதான். அப்பாவுக்குத் தூக்கமே கிடையாது. ரோலர் எப்போது ஓடும் என்பதைக் கொழுந்து வாடுகிற வாடலைப் பார்த்துத்தான் முடிவு செய்வார். எங்கள் கம்ப்யூட்டரின் ஆயுள் கொழுந்தின் கையில் இருந்தது.

ஊர் முழுக்க வந்து பார்த்தது. கணக்கப்பிள்ளை வீட்டுக்காரி, இதில் இடியப்பம் அவிக்கலாமா என்று கேட்காத குறை. தாத்தா, நாளைக்கு மழை வருமா என்று கேட்டுச் சொல்லச் சொன்னார். அது தெரியாது என்றதும், மழை தெரியாத மெஷின் தோட்டத்துக்கு எதற்கு என்றார். அப்பா ஒரு மணி நேரம் ஓடவிட்டு, குனிந்து, தேயிலை காயவைக்கிற ட்ரையரை மோப்பம் பிடிக்கிற மாதிரி மூக்கை வைத்து இழுத்தார். கருகல் இல்லை, ஒரு மார்க் கொடுக்கலாம் என்றார். அக்காவுக்கு வாயெல்லாம் பல்.

அம்மா மட்டும் பகலில், யாரும் இல்லாத நேரத்தில், அதன் முன்னால் வந்து உட்காருவாள். எதையும் தொடமாட்டாள். ஒருநாள் அக்காவிடம், நாம் இதில் எதை அமுக்கினோம் என்று பிறகு இது யாருக்காவது காட்டிக்கொடுக்குமா என்று கேட்டாள். அக்கா சிரித்துக்கொண்டே, அது கேட்கும், பதில் சொல்லும், அணைத்தால் மறந்துவிடும், அவ்வளவுதான் அம்மா என்றாள். அம்மா தலையாட்டிவிட்டு எழுந்து போனாள். அவள் எதையும் பெரிதாக விசாரிக்கிற பழக்கம் இல்லாதவள் என்பதால் நாங்கள் அதைக் கவனிக்கவில்லை.

இரண்டாவது வாரம் முடிகிற சமயம் அப்பா தன் பரீட்சையை அறிவித்தார். தொழிற்சாலையில் தேயிலை ருசி பார்க்கிற அறை ஒன்று உண்டு. வெள்ளைக் கோப்பைகள் வரிசையாக இருக்கும். யாராவது புதிதாக வந்து எனக்கு ருசி தெரியும் என்றால், அப்பா வரிசையின் நடுவே தனக்கு நன்றாகத் தெரிந்த தேயிலைக் கோப்பை ஒன்றைச் சத்தமில்லாமல் வைத்துவிடுவார். அதைச் சரியாகச் சொன்னால்தான் ஆள் தேறும். கம்ப்யூட்டருக்கும் அதேதான் என்றார். விடை நமக்கு முன்கூட்டியே தெரிந்த ஒன்றை அதனிடம் கேட்கவேண்டும்.

கூட்டல் கழித்தல் எல்லாம் நானே மனசில் போடுவேன் என்று தள்ளிவிட்டார். வீட்டுக்குப் பயன்படுகிற கேள்வியாக இருக்கவேண்டும். கடைசியில் அவரே சொன்னார்.

"கல்யாணப் பொருத்தம் பாக்கச் சொல்லு. எனக்கும் உங்கம்மாவுக்கும் எட்டுப் பொருத்தம், கோயில் ஐயர் பாத்துச் சொன்னது. இருவது வருஷத்துக்கு மேல நல்லாத்தான் இருக்கோம். எட்டுன்னு சொல்லுச்சுன்னா வீட்டுலயே வச்சிக்கலாம்."

அக்கா துள்ளிக் குதித்தாள். அன்றைக்கே கோயில் ஐயரிடம் பஞ்சாங்கத்தை இரவல் வாங்கி வந்தாள். ஒரு வாரம் அதையும் மெஷினோடு வந்த ஆங்கிலப் புத்தகத்தையும் மாறி மாறிப் படித்தாள். உங்களுக்குத் தெரியும், பொருத்தம் பத்து. எந்த நட்சத்திரத்துக்கு எந்த நட்சத்திரம் சேரும் என்பதெல்லாம் கணக்குத்தான் என்று அக்கா கண்டுபிடித்தபோது அவள் முகத்தைப் பார்த்திருக்கவேண்டும். மெஷினுக்குத் தமிழ் தெரியாததால் அசுவினி ஒன்று, பரணி இரண்டு என்று நட்சத்திரங்களுக்கு நம்பர் கொடுத்தாள். இரண்டு நம்பரை அமுக்கினால் பத்தில் எத்தனை சேருகிறது என்று அது எண்ணிச் சொல்லும்படி புரோகிராம் எழுதினாள். ரஜ்ஜு மட்டும் சேராவிட்டால், மற்றது எத்தனை சேர்ந்தாலும், நோ என்று சொல்லும். ரஜ்ஜு புருஷன் ஆயுசு சம்பந்தப்பட்டதாயிற்றே, அதில் ஐயர்மார் விட்டுக்கொடுப்பதில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் பரீட்சை. ஆறு மணிக்கு ரோலர் ஓடும், அதற்குள் முடிக்கவேண்டும் என்று அப்பா கெடு வைத்தார். நான் சிவப்புப் புள்ளிக்குத் திருகியை வைத்துக் கேசட்டைப் போட்டேன். மாரியம்மன் பாட்டு, கீச், கோடுகள், எழுத்து. முதல் தடவையே வந்துவிட்டது.

அப்பா ஒரு நிபந்தனை போட்டார். ருசி பார்க்கும்போது எந்தக் கோப்பையில் எது என்று ஊற்றுகிறவன் சொல்லக்கூடாது. அதேபோல் நடுவில் அக்கா கை படக்கூடாது. அவரவர் நட்சத்திரத்தை அவரவரே அமுக்கவேண்டும், மற்றவர்கள் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்ளவேண்டும். அக்காவும் அமுக்கின நம்பர் திரையில் தெரியாதபடி எழுதியிருந்தாள். எந்தப் பொத்தானை எப்படி அமுக்குவது என்று அம்மாவுக்கு இரண்டு தடவை சொல்லிக்கொடுத்தாள்.

அப்பாவுக்கு ஆயில்யம். அமுக்கிவிட்டு எழுந்தார். அடுத்தது அம்மா. சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நாங்கள் எல்லோரும் சுவரைப் பார்த்து நின்றோம், தாத்தா உட்பட. பின்னால் நெடுநேரம் சத்தமே இல்லை. பிறகு பொத்தான் அமுங்குகிற மெத்தென்ற ஒலி கேட்டது. திரும்பினோம்.

திரையில் ஐந்து. அதன் கீழே நோ.

தாத்தாதான், என்னவாம் என்று கேட்டார். மறுபடி ஒரு தடவை போட்டுப் பார்க்கலாம் அப்பா என்று அக்கா சொல்லி முடிப்பதற்குள் கீழே தொழிற்சாலையில் ரோலர் கிளம்பிவிட்டது. பல்பு மஞ்சளானது. திரை ஒரு தடவை துடித்து, எல்லாம் மறந்து, வெள்ளையாக நின்றது.

அப்பாவுக்குக் கோபம் இல்லை. அதுதான் எங்களுக்குத் தாங்கவில்லை. தெரிந்த கோப்பையையே தெரியாத மெஷின், தெரியாததை என்ன சொல்லப்போகிறது, நாளைக்குக் கட்டி வைத்துவிடுங்கள் என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுத் தொழிற்சாலைக்குப் போனார். அக்கா படுக்கையில் குப்புற விழுந்து அழுதாள். எங்கே தப்பு விட்டேன் என்று தெரியவில்லையே என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். நானும் கூட அழுதேன். அம்மா இரண்டு தடவை அறை வாசல் வரை வந்து நின்றுவிட்டுப் போனாள்.

மறுநாள் காலை அப்பா தொழிற்சாலையிலிருந்து வந்து, காப்பியைக் குடித்துவிட்டு, பெட்டியை எடுத்தார். வெள்ளைத் தக்கைகளுக்கு நடுவே அந்தக் கறுப்புப் பலகையை அக்கா வைக்க, அப்பா சணல் கயிற்றை வெட்டினார். தாத்தா ஜன்னலோரத்தில் டீயோடு உட்கார்ந்திருந்தார். அம்மா அடுப்படியிலிருந்து வந்து அப்பாவுக்கு எதிரே நின்றாள்.

"கட்டாதீங்க. மெஷின்ல பிழையில்ல."

அது முடிந்துபோன பேச்சு என்றார் அப்பா, நிமிராமலே.

"நான் அனுஷத்த அமுக்கல. மூலத்த அமுக்கினேன்."

நம்பர் தெரியாமல் மாற்றி அமுக்கிவிட்டாயா என்று அப்பா கேட்டார்.

"தெரிஞ்சுதான் அமுக்கினேன். நான் பொறந்தது மூலத்துல."

உங்களில் ஜாதகம் பார்க்கிற வீட்டில் பிறந்தவர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. மூலத்தில் பிறந்த பெண் மருமகளாக வந்தால் மாமனாருக்கு ஆகாது என்பார்கள். அந்தப் பேச்சாலேயே கல்யாணமாகாமல் இருந்த பெண்களை நம் தோட்டத்து லய வீடுகளிலேயே பார்த்திருக்கிறோம். அம்மா பிறந்தது பூனாகலைப் பக்கம் ஒரு தோட்டத்தில். அந்தக் காலத்தில் தோட்டத்துப் பிள்ளைகள் பிறந்த நாளை யார் சரியாக எழுதினார்கள்? நாலு நாள் கழித்து யாருக்கோ ஞாபகம் வந்தால் எழுதுவார்கள். அம்மாவின் அப்பா அந்த வசதியைப் பயன்படுத்திக்கொண்டார். ஒரு நாள் முன்னால் தள்ளினால் கேட்டை, அதற்கும் ஆயிரம் சொல்வார்கள். இரண்டு நாள் தள்ளினால் அனுஷம், யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். அனுஷம் என்று எழுதிவிட்டார். கல்யாணத்துக்கு முந்தின இரவு அம்மாவைக் கூப்பிட்டு, இதை நீ செத்தாலும் வாயைத் திறக்கக்கூடாது என்று சத்தியம் வாங்கினாராம். அம்மா இதையெல்லாம் நின்ற இடத்திலிருந்து, சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டே சொன்னாள்.

அப்பா கயிற்றைக் கீழே வைத்தார். இத்தனை வருஷத்தில் என்னிடமாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்றார்.

"சொல்லியிருந்தா, மாமாவுக்கு ஒரு காய்ச்சல் வந்தாக்கூட நீங்க என் மூஞ்சியத்தான் பாத்திருப்பீங்க."

எனக்கு இந்த வயதில்தான் அந்த வார்த்தையின் கனம் தெரிகிறது. எங்கள் வீட்டில் எந்தக் கோப்பையில் எது இருக்கிறது என்று தனக்குத் தெரியும் என்று அப்பா எவ்வளவு நிச்சயமாக இருந்தார்!

பிறகு ஏன் நேற்று அமுக்கினாய் என்று அக்காதான் மெல்லக் கேட்டாள்.

"யாருகிட்டக் கேக்குறது? ஐயருகிட்டக் கேட்டா ஊருக்கே தெரிஞ்சிரும். இது கேட்டுச் சொல்லிட்டு மறந்துரும்னு நீதான் சொன்ன. ஒரே ஒரு தடவ நெசத்தச் சொல்லிக் கேட்டுப் பாக்கணும்னு இருந்துச்சு. ஒன் வாழ்க்க அதுலதான் இருக்குன்னு அந்த நேரம் எனக்குத் தோணல தாயி."

அப்போதுதான் எங்களுக்குத் தாத்தாவின் ஞாபகம் வந்தது. எல்லோரும் ஜன்னல் பக்கம் திரும்பினோம். அவர் டம்ளரைக் கையில் பிடித்தபடி அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார். மூலத்தைப் பற்றிய அந்தப் பேச்சு உண்மையானால் அவர்தான் எப்போதோ போய்ச் சேர்ந்திருக்கவேண்டிய ஆள். அவருக்கு எண்பது நெருங்குகிறது. முந்தின நாள்கூட நாலு தோசை கேட்டு வாங்கிச் சாப்பிட்டவர்.

"ஏந்தாயி, நான் இருமுறப்பல்லாம் நீ ஓடியாந்தது இதுக்குத்தானா?"

அம்மா தலையை ஆட்டினாள். ஒவ்வோர் இருமலுக்கும் சாமியை வேண்டிக்கொண்டே ஓடிவருவேன் மாமா என்றாள்.

தாத்தா டம்ளருக்குள் எட்டிப் பார்த்தார்.

"எம்பொண்டாட்டி நல்ல நட்சத்திரக்காரி. அவ வந்து ஆறே மாசத்துல எங்கப்பன் செத்தாரு. ஒன்னய அனுஷம்னு நெனச்சு ஒங் கையால இத்தன வருஷம் தின்னேன், மூலம்னு தெரிஞ்சும் திம்பேன். டீ ஆறிப்போச்சு. சூடா இன்னொண்ணு கொண்டா."

அம்மா சிரித்தாள். சிரிப்பும் அழுகையுமாக அந்த டம்ளரை வாங்கிக்கொண்டு ஓடினாள். எனக்கும் ஏனென்று தெரியாமல் அழுகை வந்தது. ஆனால் அது முந்தின இரவு அழுகை இல்லை.

அப்பா பெட்டியிலிருந்து கம்ப்யூட்டரைத் தானே வெளியே எடுத்தார். டீவிக்குப் பின்னால் போய் வயரைத் தானே மாட்டினார். தப்பான ஓட்டையில் மாட்டினார், அது வேறு விஷயம். அக்கா சரிசெய்தாள். நான் கேசட்டைப் போட்டேன். அவர் ஆயில்யத்தை அமுக்கினார். டீயைக் கொடுத்துவிட்டு வந்த அம்மாவைக் கூப்பிட்டு, பொய் நட்சத்திரத்தை இப்போது அமுக்கு என்றார். இந்தத் தடவை யாரும் சுவரைப் பார்த்துத் திரும்பவில்லை.

எட்டு என்று வந்தது.

அப்பா அந்த எட்டை நெடுநேரம் பார்த்தார். மெஷின் சரியாகத்தான் சொல்கிறது, நானாவிடம் சொல்லிவிடலாம் என்றார். அக்கா வீட்டைவிட்டு வெளியே ஓடி, தொழிற்சாலைப் பாதையில் பாதி தூரம் போய், ஏன் ஓடினோம் என்று தெரியாமல் திரும்பி வந்தாள். அந்த வருடக் கடைசியில் அவள் பதுளையில் நானாவின் மாடி அறையில் ஐந்து பெண்களுக்கு முன்னால் நின்றதும், அதற்குப் பிறகு கொழும்புக்கும் எங்கெங்கோ போனதும் வேறு கதை. தையல் மெஷின் எங்கள் வீட்டுக்கு வரவே இல்லை.

அப்பா குளிக்கப் போனார். வழக்கமாக அம்மா அந்த நேரம் அடுப்படியில் இருப்பாள். அன்றைக்கு அந்த மெஷினுக்கு முன்னாலேயே உட்கார்ந்திருந்தாள். திரையில் எட்டு இன்னும் இருந்தது. அதை ஒரு விரலால் தொட்டாள். பிறகு அக்காவைப் பக்கத்தில் உட்காரச் சொல்லிக் கையைப் பிடித்து இழுத்தாள். அம்மாவின் முகத்தில் அப்படி ஓர் ஆசையை நாங்கள் பார்த்ததே இல்லை.

"இதுகிட்ட இன்னும் என்னென்ன கேக்கலாம்?" என்றாள்.